பார்ஷியிலிருந்து மேனிஃபோல்டுக்கு: ஒரு சிறு ரயில்பாதையின் தடம் தேடி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுக்கப்பட்ட அந்த நிழற்படத்தில் ஒரு சிறிய நீராவி எஞ்சின் நிற்கிறது. இடம், இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டுஷயரில் உள்ள மேனிஃபோல்டு ஆற்றுப் பள்ளத்தாக்கு. இருபுறமும் சுண்ணாம்புக்கல் குன்றுகள், ஆட்டு மேய்ச்சல் நிலம், கல்லடுக்கு வேலிகள். எல்லாம் அந்த மண்ணுக்கு உரியவை. ரயில் மட்டும் ஒட்டவில்லை. எஞ்சினின் முகப்பில் அதன் உடலுக்கு மீறிய பெரிய விளக்கு. பயணிகள் பெட்டிகளின் இரு முனைகளிலும் திறந்த முற்றம், அதில் ஏற இரும்புப் படி. பெட்டிகளுக்கு வெளிர் மஞ்சள் பூசியிருந்தார்கள் என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. வெயில் காயும் சமவெளியில் ஓட வேண்டிய வண்டி குளிரும் மழையும் நிறைந்த ஆங்கிலப் பள்ளத்தாக்குக்கு எப்படி வந்தது?

குறுகிய ரயில்பாதைகளின் வரலாற்றைத் தேடுகிறவன் என்ற முறையில் எனக்கு இந்தக் கேள்வி போதுமானதாக இருந்தது. லீக் அண்ட் மேனிஃபோல்டு வேலி லைட் ரயில்வே என்பது அந்தப் பாதையின் முழுப்பெயர். வாட்டர்ஹவுசஸ் முதல் ஹியூம் எண்ட் வரை எட்டே கால் மைல், ஏறத்தாழ 13 கிலோமீட்டர். 1904 ஜூன் 27 அன்று திறப்பு விழா. 1934 மார்ச்சில் மூடல். ஆயுள் முப்பது ஆண்டுகூட நிறையவில்லை. ஆனால் அது போன வழி இன்றும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் கிடக்கிறது. மேனிஃபோல்டு வே என்ற பெயரில் மக்கள் அதில் நடக்கிறார்கள், சைக்கிளில் போகிறார்கள், சக்கர நாற்காலியிலும் போகிறார்கள். ரயில் எங்கிருந்து வந்தது, ஏன் செத்தது, வழி மட்டும் எப்படிப் பிழைத்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தேடி நான் பழைய காகிதங்களுக்குள் இறங்கினேன்.

இரண்டரை அடித் தடயம்

ஒரு ரயில்பாதையின் பிறப்பை அறிய முதலில் பார்க்க வேண்டியது தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம். இங்கே அது 2 அடி 6 அங்குலம், அதாவது 762 மில்லிமீட்டர். பிரிட்டனின் மலைப்பகுதிச் சிறுபாதைகளில் பல 2 அடியை ஒட்டிய அகலம் கொண்டவை. இரண்டரை அடி அங்கே அபூர்வம். அதே அகலம் இந்தியாவில் மிகப் பரவலானது. ஆகவே தேட வேண்டிய திசை கிழக்கு.

இரண்டாவது தடயம் எஞ்சினின் பெயர்ப்பலகை. லீட்ஸ் நகரின் கிட்சன் நிறுவனம் இந்தப் பாதைக்கு இரண்டே எஞ்சின்களைக் கட்டித் தந்தது. ஒன்றின் பெயர் ஈ.ஆர். கால்த்ராப், மற்றொன்றின் பெயர் ஜே.பி. ஏர்ல். ஏர்ல் அந்த இடத்திலேயே தங்கி வேலையை மேற்பார்த்த பொறியாளர். கால்த்ராப் தலைமைப் பொறியாளர். பொறியாளர் சங்கங்கள் தங்கள் உறுப்பினர் இறந்தால் வெளியிடும் இரங்கல் குறிப்பு ஆய்வாளருக்குப் பெரிய புதையல். வேலை பார்த்த ஊர்கள் வரிசையாக அதில் வந்துவிடும். எவரார்ட் ரிச்சர்ட் கால்த்ராப்பின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்தால் 1882-ல் அவர் இந்தியாவில் இருக்கிறார், கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயின் ஊழியராக.

அங்கிருந்து பாதை நேராக பார்ஷிக்குப் போகிறது. சென்னையிலிருந்து மும்பைக்கு ரயிலில் போகிறவர்கள் சோலாப்பூர் தாண்டியதும் குர்துவாடி சந்திப்பைக் கடந்திருப்பார்கள். அந்த நிலையத்துக்கு அன்று பார்ஷி ரோடு என்று பெயர். பருத்தியும் தானியமும் குவியும் பார்ஷி என்ற சந்தை ஊர் பெரிய ரயில்பாதையிலிருந்து இருபது மைலுக்கு மேல் விலகி இருந்தது. இடைவெளியை மாட்டு வண்டிகள் கடந்தன. இங்கே மலிவான ஒரு சிறுபாதை போதும் என்று கால்த்ராப் கண்டார். அதற்காக ஜி.ஐ.பி. வேலையை விட்டார். 1895-ல் பார்ஷி லைட் ரயில்வே கம்பெனி உருவானது. 1897-ல் பாதை திறந்தது.

கால்த்ராப்பின் கணக்கு எளிமையானது. ஒவ்வோர் அச்சிலும் இறங்கும் பாரம் 5 டன்னைத் தாண்டக் கூடாது. எஞ்சினாக இருந்தாலும் சரக்குப் பெட்டியாக இருந்தாலும் பாரத்தை எல்லா அச்சுகளுக்கும் சமமாகப் பங்கிட்டால் மெல்லிய தண்டவாளமே போதும். கெஜத்துக்கு 30 பவுண்டு எடையுள்ள தண்டவாளத்தின் மேல், பெரிய பாதையின் வண்டிகளுக்கு அதிகம் சளைக்காத பாரத்தை அவர் ஓட்டிக் காட்டினார். பிற்காலத்தில் பார்ஷிப் பாதை பண்டரிபுரம், லாத்தூர், மிரஜ் என நீண்டு 200 மைலைத் தாண்டியது. பண்டரிபுரம் விட்டலனைக் காணப் போன வார்கரி பக்தர்கள் ஏறிய ரயில் அதுதான்.

பார்ஷியில் பலித்த முறையை அவர் அப்படியே மேனிஃபோல்டுக்குக் கொண்டுவந்தார். அகலம் அதே இரண்டரை அடி. எஞ்சின் கட்டியதும் பார்ஷிக்குக் கட்டிய அதே கிட்சன். இதோடு புதிதாக ஒன்றையும் சேர்த்தார். பெரிய பாதையின் சரக்குப் பெட்டியை அப்படியே முதுகில் ஏற்றிச் சுமக்கும் தாழ்வான வண்டி அது. வாட்டர்ஹவுசஸில் மூட்டைகளை இறக்கி மாற்ற வேண்டியதில்லை. பெட்டியே சிறுபாதை வண்டியின் மேல் ஏறிப் பள்ளத்தாக்குக்குள் போகும். நிழற்படத்தில் என்னை நிறுத்திய அந்நியக் கோலத்துக்கு விடை இதுவே. குடியேற்ற நாட்டில் சோதித்துத் தேர்ந்த தொழில்நுட்பம் ஆளும் நாட்டின் சிற்றூருக்கு ஏற்றுமதியாகியிருக்கிறது. ரயில்வே வரலாற்றில் இங்கிலாந்து இந்தியாவுக்குக் கற்றுக்கொடுத்த கதையே நமக்குப் பழக்கம். எதிர்த்திசையிலும் ஒரு பாதை உண்டு என்பதற்கு இந்த எட்டு மைல் சாட்சி.

மலை குறுக்கிடாத இடத்தில் ஒரு குகைப்பாதை

ஸ்காட்லாந்து தேசிய நூலகம் தன் இணையதளத்தில் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடங்களை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்திப் பார்க்கும் வசதியைத் தந்திருக்கிறது. அதில் இந்தப் பாதையை அங்குலம் அங்குலமாகத் தொடர்ந்தேன். ஆற்றோடு வளைந்து, பாலங்களால் ஆற்றை மாறி மாறிக் கடந்து போகிறது பாதை. கால்த்ராப் மலையைக் குடையாமல் ஆறு வெட்டிய வழியிலேயே செலவில்லாமல் போயிருக்கிறார். ஆனால் ஸ்வெயின்ஸ்லி என்ற இடத்தில் மட்டும் சுமார் 150 மீட்டர் நீளக் குகைப்பாதை. பாதை முழுவதற்கும் அது ஒன்றுதான். சிக்கனத்துக்குப் பேர்போன பொறியாளர் அந்த ஓரிடத்தில் மட்டும் ஏன் பாறையைக் குடைந்தார்?

வரைபடத்தில் குகைப்பாதைக்கு அருகே ஒரு மாளிகை தெரிகிறது: ஸ்வெயின்ஸ்லி ஹால். அங்கே வாழ்ந்தவர் சர் தாமஸ் வார்டில். அவரே இந்த ரயில் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர். மாளிகையிலிருந்து பார்க்கும்போது ரயில் கண்ணில் படக் கூடாது என்பதற்காகவே குகைப்பாதை வந்தது என்று அந்த வட்டாரத்தில் வழிவழியாகச் சொல்கிறார்கள். வரைபடத்தில் மாளிகையும் குகைப்பாதையும் அமைந்திருக்கும் நிலை அந்தச் செவிவழிச் செய்திக்குப் பொருந்தி வருகிறது.

வார்டில் யார் என்று தேடியபோது மறுபடியும் இந்தியா எதிர்ப்பட்டது. லீக் பட்டுத்தொழில் ஊர். வார்டில் அங்கே சாயப்பட்டறை நடத்தியவர். 1870-களில் ஓவியரும் கவிஞருமான வில்லியம் மாரிஸ் இயற்கைச் சாயங்களைக் கற்க லீக்குக்கு வந்து வார்டிலோடு வேலை செய்தார். சாயம் எளிதில் ஏறாத இந்தியக் காட்டுப் பட்டான டசரில் வண்ணம் ஏற்றும் முறையை வளர்த்தெடுத்து ஐரோப்பியக் கண்காட்சிகளில் வைத்தவர் வார்டில். 1880-களின் நடுவில் வங்காளத்துப் பட்டு வளர்ப்பை நேரில் ஆராயப் பயணம் செய்தார். காஷ்மீரத்துப் பட்டுத்தொழிலை மீட்டெடுக்கும் முயற்சியிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1897-ல் சர் பட்டம் பெற்றார். அவர் மனைவி எலிசபெத் லீக்கின் பெண்களைச் சேர்த்துப் பேயோ தையல் ஓவியத்தின் முழுநீளப் பிரதியை 1885–86-ல் உருவாக்கினார். அது இன்று ரெடிங் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பார்ஷியின் பொறியாளரும் டசரின் சாயக்காரரும் ஒரே சிறு ரயில்பாதையின் ஆவணங்களில் சந்திக்கிறார்கள். பேரரசின் பெரிய வரலாறுகள் தலைநகரங்களைப் பற்றிப் பேசுகின்றன. அதன் உண்மையான போக்குவரத்தைக் காண இப்படி ஒரு கிராமத்து ரயிலின் கோப்புகளைப் பிரிக்க வேண்டியிருக்கிறது.

பெயரில் இருந்தும் எட்டாத ஊர்

பாதை ஏன் தோற்றது என்பதற்கான முதல் சான்று அது பிறந்த ஆணையிலேயே இருக்கிறது. 1896-ன் லைட் ரயில்வே சட்டம் வேளாண் வட்டாரங்களுக்கு மலிவான ரயில் கிடைக்க வழி செய்தது. ஒவ்வொரு பாதைக்கும் தனிச் சட்டம் தேவையில்லை, ஆணை போதும். அரசுக் கருவூலம் மானியம் தரலாம். அந்தச் சட்டத்தின்கீழ் 1899-ல் வந்த ஆணை லீக், கால்டன் லோ, ஹார்ட்டிங்டன் ஆகிய மூன்று பெயர்களைத் தாங்கியது. லீக் பட்டு ஊர், கால்டன் லோ சுண்ணாம்புக்கல் குவாரி, ஹார்ட்டிங்டன் சந்தை ஊர். ரயில் ஹார்ட்டிங்டனைத் தொடவே இல்லை. இரண்டு மைல் தள்ளி ஹியூம் எண்டில் நின்றுவிட்டது. ஹார்ட்டிங்டனுக்குப் போகிறவர்கள் இங்கே இறங்கவும் என்று நிலையப் பெயரோடு சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அதே 1899-ல் லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வே ஆஷ்போர்னிலிருந்து பக்ஸ்டன் பக்கமாக ஒரு பெரிய பாதையைத் திறந்து, ஹார்ட்டிங்டன் பெயரில் நிலையமும் வைத்துவிட்டது. மேனிஃபோல்டு ரயில் ஓடத் தொடங்கும் முன்பே அதன் கடைசி ஊரைப் போட்டிக்காரர் எடுத்துக்கொண்டார். இருந்த நிலையங்களும் ஊருக்குள் இல்லை. வெட்டன், கிரிண்டன், பட்டர்ட்டன் எல்லாம் மேட்டின் மேல் அமைந்த ஊர்கள். ரயிலோ பள்ளத்தாக்கின் அடியில். ஊர்க்காரர் ரயிலேறச் சரிவில் இறங்க வேண்டும். திரும்பும்போது மூட்டையோடு ஏற வேண்டும். பஸ் வந்த பிறகு அந்தச் சிரமத்தை யாரும் விரும்பவில்லை.

ரயிலை வாழவைத்தது பால். பதினெட்டாம் நூற்றாண்டில் டெவன்ஷயர் கோமகன்களுக்குச் செல்வம் குவித்த செப்புச் சுரங்கம் இருந்த எக்டன் குன்றின் அடிவாரத்தில் பால் பண்ணைக் கூடம் ஒன்று எழுந்தது. பள்ளத்தாக்கின் பால் அங்கே சேர்ந்து, சிறுபாதையில் வாட்டர்ஹவுசஸ் போய், பெரிய பாதையில் லண்டன் சேர்ந்தது. கோடை விடுமுறையில் ஸ்டோக் வட்டாரத்து மட்பாண்டத் தொழிலாளர்களும் குடும்பமாக வந்தார்கள். 1923-ல் பிரிட்டனின் ரயில்வேக்கள் நான்கு பெரும் குழுமங்களாக இணைக்கப்பட்டபோது இந்தப் பாதை லண்டன் மிட்லாண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வே, சுருக்கமாக எல்.எம்.எஸ்., கைக்குப் போனது. 1930-களின் தொடக்கத்தில் எக்டன் பால் கூடம் மூடப்பட்டது. அதன்பின் ஆண்டு முழுக்கச் சுமக்கச் சரக்கு இல்லை. 1934 மார்ச் 12 அன்று பாதை அதிகாரபூர்வமாக மூடப்பட்டது. தண்டவாளம் பிடுங்கப்பட்டது, இரு எஞ்சின்களும் பழைய இரும்பாகப் போயின.

1937 என்ற தேதி

பிரிட்டனில் கைவிடப்பட்ட ரயில்பாதைகள் நடைபாதையானதைப் பற்றி எழுதுகிறவர்கள் பொதுவாக 1963-லிருந்து தொடங்குவார்கள். டாக்டர் பீச்சிங்கின் அறிக்கை 2,300-க்கும் மேற்பட்ட நிலையங்களையும் சுமார் 5,000 மைல் பாதையையும் மூடச் சொன்ன ஆண்டு அது. பிறகுதான் உள்ளாட்சிகள் அந்த நிலங்களை வாங்கி நடைபாதை ஆக்கின. மேனிஃபோல்டுக்கு முதல் ரயில் ஓடும் முன்பே போட்டியாக வந்த அந்த ஆஷ்போர்ன்–பக்ஸ்டன் பாதையும் கைவிடப்பட்டு, 1971-ல் டிஸ்ஸிங்டன் ட்ரெயில் என்ற நடைபாதையானது. அமெரிக்காவில் இந்த வழக்கத்தின் முன்னோடியாகச் சொல்லப்படும் விஸ்கான்சின் மாநிலத்து எல்ராய்–ஸ்பார்ட்டா பாதையும் 1960-களின் பிள்ளை.

மேனிஃபோல்டில் உள்ள நினைவுப் பலகை வேறொரு தேதியைச் சொல்கிறது: 1937 ஜூலை. எல்.எம்.எஸ். ரயில்வே தன் பாதை நிலத்தை ஸ்டாஃபோர்டுஷயர் கவுண்டி கவுன்சிலுக்கு அன்பளிப்பாகத் தந்தது. கவுன்சில் அதை நடைபாதையாக்கியது. எல்.எம்.எஸ். தலைவர் சர் ஜோசையா ஸ்டாம்ப் வந்து திறந்துவைத்தார். ரயில் நின்று மூன்றே ஆண்டுகள். பீச்சிங்குக்குக் கால் நூற்றாண்டுக்கு முன். பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவான பீக் டிஸ்ட்ரிக்ட் உருவான 1951-க்கும் பதினான்கு ஆண்டு முந்தி.

அந்தக் காலத்தின் காற்றை அறியாமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது. மான்செஸ்டர், ஷெஃபீல்டு, ஸ்டோக் நகரங்களின் தொழிலாளர்கள் ஞாயிறுதோறும் புகைமண்டலத்தைவிட்டு வெளியேறி நடக்க வந்தார்கள். நடக்க நிலம் இல்லை. தரிசு மேடுகள் பெருநிலக்காரர்களின் வேட்டைக்காக அடைக்கப்பட்டிருந்தன. 1932 ஏப்ரல் 24 அன்று இதே மலைத்தொடரின் வடபகுதியில் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் சில நூறு பேர் தடையை மீறி ஏறினார்கள். அவர்களில் ஐந்து பேருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. மேனிஃபோல்டு ரயில் மூடப்பட்டது அதற்கு இரண்டாம் ஆண்டு. மக்கள் நடக்க வழி கேட்டுப் போராடிய காலத்தில், எட்டு மைலுக்கு ஒரே உரிமையாளர் கையில், வேலி பிரித்து, மேடு வெட்டி, பள்ளம் நிரப்பி, பாலம் போட்ட ஒரு வழி கேட்பாரற்றுக் கிடந்தது. கவுன்சில் அதைத் துண்டு போடாமல் முழுதாக ஏற்றது.

என் தேடலில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இந்தக் கைமாற்றத்தைத்தான். எஞ்சின் திரும்பி வராது, பெட்டி திரும்பி வராது. அவற்றின் படமாவது மிஞ்சும். அறுபடாத நில ஒழுக்கு மட்டும் ஒருமுறை துண்டானால் மறுபடி சேராது. ஒரு வயல்காரர் நடுவில் கொஞ்சம் வாங்கியிருந்தாலோ, ஒரு பாலத்தை இரும்புக்காக விற்றிருந்தாலோ மேனிஃபோல்டு இன்று எட்டு மைல் பாதையாக இருந்திருக்காது.

நடந்து சரிபார்த்தல்

காகிதத்தில் கண்டதை நிலத்தில் ஒத்துப்பார்க்க ஹியூம் எண்டிலிருந்து தெற்கே நடந்தேன். நிலையத்தின் பயணச்சீட்டு அலுவலகம் பார்வையாளர் மையமாக நிற்கிறது. எக்டனில் குன்றின் சரிவில் சுரங்கக் கழிவுக் குவியல்கள். ஸ்வெயின்ஸ்லி குகைப்பாதை வழியே இன்று கார்கள் போகின்றன. அந்தப் பகுதியில் மட்டும் நடப்பவர்களும் வாகனங்களும் வழியைப் பகிர்கிறார்கள். குகைப்பாதையின் உயரம் ஒரு தடயம்: இரண்டரை அடி ரயிலுக்கு அவ்வளவு உயரம் வேண்டாம். பெரிய பாதையின் பெட்டியை முதுகில் சுமந்து போக அது வேண்டும்.

வெட்டன் மில்லுக்குக் கீழே கோடையில் மேனிஃபோல்டு ஆறு காணாமல் போகிறது. சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளுக்குள் இறங்கி நிலத்தடியில் ஓடி, இலாம் என்ற ஊரருகே மீண்டும் வெளிவருகிறது. காய்ந்த ஆற்றுப் படுகையின் மேல் ரயில் பாலங்கள் நிற்கின்றன. தலைக்கு மேலே தோர்ஸ் கேவ் குகை பாறை முகட்டில் வாய் திறந்திருக்கிறது. பீஸ்டன் டோர் தாண்டியதும் பாதை மேனிஃபோல்டைவிட்டு ஹேம்ப்ஸ் ஆற்றின் பக்கம் திரும்பி வாட்டர்ஹவுசஸ் போய் முடிகிறது. எங்கும் மூச்சு வாங்கும் ஏற்றம் இல்லை. எஞ்சினுக்காகக் கணக்கிட்ட சரிவு முதியவரின் முழங்காலுக்கும் குழந்தையின் தள்ளுவண்டிக்கும் உதவுகிறது. கால்த்ராப் நினைத்துச் செய்யாத நன்மை இது.

நம் இரண்டரை அடிகள்

இதே இரண்டரை அடிப் பாதைகள் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் மாவட்டங்களிலும் ஓடின. திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி பாதை 1905-ல் திறந்தது. மொரப்பூர்–தருமபுரி பாதை 1906-ல் திறந்து, 1913-ல் ஓசூர் வரை நீண்டது. பஞ்சம் வந்தால் தானியம் போய்ச் சேர வேண்டும் என்ற நோக்கில் போடப்பட்ட பாதைகள் அவை. இரண்டாம் உலகப் போரின்போது 1941-ல் இரண்டும் மூடப்பட்டன. பிறகு வந்த தலைமுறைகள் மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் இடையே மீண்டும் ரயில் வேண்டும் என்று பல பதிற்றாண்டுகளாகக் கேட்டு வருகின்றன.

மேனிஃபோல்டு ஆவணங்களைப் படித்த பிறகு, அந்தப் பாதைகளைப் பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்வி எனக்குத் தெளிவாகியிருக்கிறது. எஞ்சின் எப்படி இருந்தது, எத்தனை பெட்டி என்பதெல்லாம் அடுத்த வரிசை. நிலம் யார் பெயருக்குப் போனது என்பதே முதல் கேள்வி. அதற்கான விடை தாலுகா அலுவலகங்களின் அ-பதிவேட்டிலும் புலப்படங்களிலும் தேட வேண்டியது. ஒரு கிராமத்தின் வரைபடத்தில் ரயில்வே புறம்போக்கு என்று நீளமாக ஒரு கோடு இருந்தால், அடுத்த கிராமத்து வரைபடத்தில் அது தொடர்கிறதா என்று பார்க்க வேண்டும். தொடரும் இடங்களைக் குறித்து, ஆக்கிரமிப்புக்கு முன் உள்ளாட்சிகள் முழுதாக ஏற்க வேண்டும். ரயில் வருமானால் ரயிலுக்கு. வராத இடத்தில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் சைக்கிளுக்கும், மாலை நடக்கும் பெரியவர்களுக்கும். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறை மாணவர்கள் ஊருக்கு ஒருவராகப் பிரித்துக்கொண்டால் இந்த வேலை தொடங்கிவிடும். கிராமக் கணக்குகள் இன்னும் கையில் இருக்கும்போதே அது தொடங்க வேண்டும்.